பழைய ஸ்போர்ட்ஸ் காரின் பெட்ரோல் டேங்க்: அறிகுறியை வைத்துப் பழுது பிடிக்கும் முறை

எம்ஜி பி, டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் மாதிரி 1960, 70-களின் கார்ப்பரேட்டர் வண்டிகளுக்கான வழிமுறை இது. ஸ்பிட்ஃபயரின் மூத்த உறவான ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கும் பெரும்பாலும் பொருந்தும். வண்டி நின்றதும் டேங்கைக் கழற்றுவது, கழற்றியதும் உள்ளே கோட்டிங் ஊற்றுவது என்று இரண்டு அவசரங்கள் வழக்கமாக நடக்கின்றன. இரண்டும் வேண்டாம். மூடியில் அடைத்த காற்றுத் துளையும் இற்றுப்போன ஒரு சாண் ரப்பர் ஓஸும் டேங்க் பழுது மாதிரியே நடிக்கும். அறிகுறி என்ன சொல்கிறது என்று கேட்ட பிறகே ஸ்பானரை எடுங்கள்.

கை வைப்பதற்கு முன் ஒன்று. நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க்தான் ஆபத்து. பெட்ரோல் ஆவி காற்றில் சுமார் 1.4 முதல் 7.6 சதவீதம் வரை கலந்திருந்தால் பற்றும். வடித்துவிட்ட டேங்குக்குள் அந்தக் கலவை எளிதாக அமைந்துவிடும். ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு ஊர்ந்து போய், பத்தடி தள்ளி எரியும் அடுப்பையோ மோட்டார் ரூம் ஸ்டார்ட்டரில் விழும் பொறியையோ தொட்டுவிடும். வேலையைத் திறந்த களத்தில் செய்யுங்கள், மூடிய கார் ஷெட்டில் வேண்டாம். இக்னிஷன் போட்டுச் செய்யும் சோதனைகள் தவிர, டேங்கிலோ குழாயிலோ கை வைக்கும் முன் பேட்டரியின் எர்த் வயரைக் கழற்றுங்கள். 1967-க்கு முந்தைய எம்ஜி பி-யில் பாசிட்டிவ்தான் எர்த் என்பதை மறக்க வேண்டாம். கையில் விளக்கு வேண்டுமானால் பேட்டரியில் எரியும் எல்இடி டார்ச் மட்டும், அதையும் வெளியிலேயே போட்டுக்கொண்டு கிட்டே வாருங்கள். பவுடர் தீயணைப்பான் ஒன்று கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

அரை மணி நேரம் நன்றாக ஓடும், பிறகு மூச்சுத் திணறி நிற்கும், சற்று நேரம் விட்டால் மறுபடி ஓடும்

இந்த ஓர் அறிகுறிக்கு மூன்று காரணங்கள் உண்டு. பிரித்தறிவது எளிது.

வண்டி நின்றவுடன், ஆறவிடாமல், டேங்க் மூடியைத் திறங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டு, உடனே வண்டி ஓடினால் காற்றுத் துளை அடைப்பு. பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். வராவிட்டால் டேங்குக்குள் வெற்றிடம் உருவாகி பம்ப்பால் இழுக்க முடியாமல் போகும். பழைய வண்டிகளில் காற்றுத் துளை மூடியிலேயே இருக்கும். பிற்கால வண்டிகளில் மூடி துளையில்லாதது. காற்று தனிக் குழாய் வழியாக வரும். உடைந்த மூடிக்குப் பதிலாகக் கடையில் கிடைத்த ஏதோ ஒரு மூடியைப் போட்டதுதான் பெரும்பாலும் வம்பின் தொடக்கம். துளையை மெல்லிய கம்பியால் குத்தி, ஊதிப் பாருங்கள். வெற்றிடத்தால் டேங்கின் அகலமான பக்கம் உள்வாங்கி, மூடியைத் திறந்ததும் ‘டொம்’ என்று வெளியே வருமானால், ஓரத் தையல்களை இப்போதே சோதித்துவிடுங்கள். அந்த மடிப்பு திரும்பத் திரும்ப நடந்த இடத்தில் தகடு விரிசல் விடும்.

மூடியைத் திறந்தும் பலனில்லை, பத்து நிமிடம் விட்டால் மட்டும் ஓடுகிறது என்றால், உறிஞ்சும் குழாயின் முனையில் துரு சேர்ந்து அடைக்கிறது. ஓடும்போது துரு இழுபட்டு சல்லடையில் ஒட்டும். நின்றதும் கீழே உதிரும். எஸ்யூ கம்பெனியின் மின்பம்ப் இருக்கும் வண்டியில் காதே போதும். இக்னிஷன் போட்டதும் டிக் டிக் என்று அடித்து, கார்ப்பரேட்டர் நிறைந்ததும் நிற்பது சரியான பம்ப். விடாமல் வேகமாக அடித்தால், டேங்குக்கும் பம்ப்புக்கும் நடுவில் எங்கோ காற்று புகுகிறது, அல்லது பெட்ரோலே இல்லை. அடிக்காமல் சூடாகிக் கிடந்தால், உறிஞ்சும் பக்கம் அடைப்பு: காயில் டயாபிரத்தை (பெட்ரோலை உறிஞ்சும் சவ்வை) இழுக்க முயன்று பாதியில் நிற்கிறது, கரண்டை விட்டு விட்டு இணைக்கும் பாயிண்ட் மூடியே இருக்கிறது, காயிலில் கரண்ட் ஓடிக்கொண்டே இருக்கிறது. அப்படியே விட்டால் காயில் கருகும். உடனே இக்னிஷனை அணையுங்கள்.

பம்ப்புக்கு வரும் ஓஸைக் கழற்றி, டேங்க் பக்கமாக சைக்கிள் பம்ப்பால் மெதுவாக ஊதுங்கள், டேங்க் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு. உள்ளே குமிழி வரும் சத்தம் தாராளமாகக் கேட்க வேண்டும். ஊதியதும் வண்டி நன்றாக ஓடி, 20–30 கிலோமீட்டரில் மறுபடி நின்றால் வேறு யோசனையே வேண்டாம். டேங்க் கழன்றே ஆக வேண்டும்.

மூன்றாவது, வெயில். சித்திரை வைகாசியில் கோவை அவிநாசி ரோட்டு நெரிசலில் ஊர்ந்து கொண்டிருக்கும்போது மட்டும் நிற்கிறது, ஓடும் காற்றில் நிற்பதில்லை என்றால் அது குழாயில் பெட்ரோல் ஆவியாகும் பழுது. பம்ப்பிலும் இன்ஜின் அருகே உள்ள குழாயிலும் ஈரத்துணி சுற்றிப் பாருங்கள். சரியானால் டேங்கைத் தொட வேண்டாம். சைலன்சர் குழாய்க்கும் பெட்ரோல் குழாய்க்கும் இடையே வெப்பத் தடுப்புத் தகடு வையுங்கள்.

கொண்டை ஊசி வளைவில் மட்டும் இன்ஜின் விட்டுப்போகிறது

ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு 40 வளைவு, பண்ணாரியிலிருந்து திம்பத்துக்கு 27, கொல்லிமலைக்கு 70. இந்தப் பழுதைச் சோதிக்க நம் கொங்கு வட்டாரத்தைவிட நல்ல இடம் கிடையாது. செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓட்டுபவர்களுக்கும் இது பழக்கமான தொல்லை.

டேங்க் கால் பங்குக்கு மேல் இருக்கும்போதே ஒரே பக்க வளைவில் விட்டுப்போனால், பெட்ரோல் ஒரு பக்கமாக ஓடாமல் நிறுத்த உள்ளே உள்ள தடுப்புத் தகடு பற்றுவிட்டு ஆடுகிறது அல்லது உறிஞ்சு குழாய் இடம் மாறியிருக்கிறது. டேங்கின் அருகில் காதை வைத்து, இன்னொருவரை வண்டியைப் பக்கவாட்டில் குலுக்கச் சொல்லுங்கள். தகரம் தட்டும் ‘டக் டக்’ கேட்டால் தடுப்பு கழன்றிருக்கிறது. இதை வெளியிலிருந்து சரிசெய்ய வழியில்லை. டேங்கைத் திறந்து பற்றவைக்க வேண்டும் அல்லது புது டேங்க். கால் பங்குக்குக் கீழே மட்டும் விட்டுப்போனால் அது பழுதல்ல, அந்த டேங்கின் வடிவம் அப்படி. மலையேறும் முன் நிரப்பிக்கொள்ளுங்கள்.

டிக்கியில் பெட்ரோல் வாடை. தரையில் சொட்டு இல்லை

நிரப்பிய அன்று மட்டும் வாடை வந்தால் மேல் பக்கத்தைப் பாருங்கள்: நிரப்பும் கழுத்து ஓஸ், காற்றுக் குழாய், டேங்கின் மேல் தகடு.

கழுத்து ஓஸில்தான் இங்கே அதிகத் தப்பு நடக்கிறது. அளவு பொருந்துகிறதே என்று ரேடியேட்டர் ஓஸை வெட்டிப் போட்டுவிடுகிறார்கள். அந்த ரப்பர் சுடுநீருக்கானது. பெட்ரோல் பட்டால் ஊறி, கொழகொழத்து, கிளிப்புக்கு அடியிலேயே கிழியும். பெட்ரோலுக்கென்றே செய்த ஓஸ் வாங்குங்கள். மெல்லிய குழாய்களுக்கு எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று அச்சடித்தது நல்லது. இப்போது பெட்ரோல் பங்குகளில் வருவது இ20, ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். பழைய ரப்பரும் அந்தக் காலத்து கார்க் பேக்கிங்கும் அதைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஓஸை விரலால் மடித்துப் பாருங்கள். மேல்தோலில் வெடிப்போ, உள்ளே வீக்கமோ தெரிந்தால் எல்லா ஓஸையும் ஒரே நாளில் மாற்றுங்கள். ஒன்றொன்றாக மாற்றினால் மாதம் ஒரு முறை வண்டிக்கு அடியில் படுக்க வேண்டியிருக்கும்.

டேங்கின் மேல் தகடு நேரில் தெரியாது. எம்ஜி பி-யில் டேங்க் டிக்கித் தரைக்கு அடியில் தொங்குகிறது. தரைக்கும் டேங்குக்கும் நடுவில் உள்ள பேக்கிங் பட்டையில் சேறும் ஈரமும் தங்கி, வெளியிலிருந்து உள்ளே அரிக்கும். கீழ்ப்பக்கம் பெயின்ட் பளபளக்கும், மேல் பக்கம் சல்லடையாக இருக்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆனி ஆடியில் சாரல் அடிக்கும் பொள்ளாச்சி, கோவைப் பக்கத்து வண்டிகளில் இதைச் சந்தேகப்பட்டே தொடங்குங்கள்.

அடியில் சொட்டுகிறது

சொட்டு விழும் இடம் கசிவு இடமல்ல. துடைத்து, காயவிட்டு, சாக்கட்டி மாவு தடவுங்கள். ஈரம் எங்கிருந்து கிளம்புகிறது என்று கோடு போட்டுக் காட்டும். வடிகால் போல்ட்டின் வாஷர், சென்டர் யூனிட்டின் (பெட்ரோல் அளவை மீட்டருக்குச் சொல்லும் மிதவைக் கருவியின்) பேக்கிங், தையல் ஓரம் என்ற வரிசையில் பாருங்கள். எம்ஜி பி-யில் சென்டர் பக்கவாட்டில் இருப்பதால் நிறைந்த டேங்கில் பேக்கிங் பெட்ரோல் மட்டத்துக்குக் கீழே வரும். பாதி டேங்கில் கசியாது, நிரப்பினால் கசியும்.

வழியில் ஊசித்துளை விழுந்தால் துணி துவைக்கும் கட்டி சோப்பை நன்றாக அழுத்தித் தேயுங்கள். சோப்பு பெட்ரோலில் கரைவதில்லை. வீடு வந்து சேர அது போதும், அதற்கு மேல் நம்ப வேண்டாம். எம்-சீல் வகைப் பட்டியும் தற்காலிகம்தான். எண்ணெய்ப் பிசுக்குள்ள துருவின் மேல் அது ஒட்டுவதே இல்லை.

முள் எப்போதும் காலி, அல்லது எப்போதும் நிறைவு

சென்டரின் வயரைக் கழற்றி, இக்னிஷனைப் போட்டு, டேங்கைத் தொடாத இடத்தில், வண்டியின் பாடியில், சில நொடி மட்டும் தொட்டு எர்த் செய்யுங்கள். வோல்டேஜ் ஸ்டெபிலைசர் உள்ள பிற்கால ஸ்மித்ஸ் கம்பெனி மீட்டரில் முள் மெதுவாக நிறைவுக்கு ஏறும்; கழற்றிவிட்டால் காலிக்கு வரும். பழைய, துள்ளும் முள் கொண்ட மீட்டரில் நேர் எதிர்: எர்த் செய்தால் காலி, கழற்றினால் நிறைவு. இந்த வித்தியாசம் தெரியாமல் நல்ல மீட்டரைத் தூக்கிப் போட்டவர்கள் உண்டு. மீட்டர் ஒழுங்காகப் பேசினால் சென்டரை வெளியே எடுத்து ஃப்ளோட்டைக் காதருகே குலுக்குங்கள். உள்ளே பெட்ரோல் ஆடினால் பொத்தல். பித்தளை ஃப்ளோட்டைப் பெட்ரோல் காய்ந்த பின், வெட்டவெளியில், அடுப்பிலிருந்து இறக்கிக் கொண்டு வந்த சுடுநீரில் அமுக்கினால் குமிழி வரும் இடம் தெரியும். சென்டர் வளையத்தைத் திருப்ப பித்தளைக் கம்பியும் மரச்சுத்தியலும், உளி கூடாது.

சாரலுக்குப் பின், அல்லது மாதக்கணக்கில் நின்ற பின் குலுக்கி ஓடுகிறது

வடிகாலிலிருந்து அரை லிட்டர் கண்ணாடி பாட்டிலில் பிடித்து கால் மணி நேரம் ஆடாமல் வையுங்கள். அடியில் தனி அடுக்கு தெரிந்தால் தண்ணீர். எத்தனால் கலக்காத காலத்தில் அந்த அடுக்கை மட்டும் வடித்தால் போதும். இப்போது அப்படியில்லை. பிரிந்து கீழே இறங்கும் தண்ணீர் எத்தனாலையும் கூட்டிக்கொண்டு இறங்குகிறது. மேலே மிஞ்சும் பெட்ரோலின் ஆக்டேன் குறைந்திருக்கும். முழுவதையும் மாற்றுங்கள். வடித்ததைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். அது நொய்யலுக்கோ பவானிக்கோ போய்ச் சேரும்.

கார்ப்பரேட்டர் வழிந்தால் ஊசி வால்வில் துருத்தூள் சிக்கியிருக்கும். அதைச் சுத்தம் செய்துவிட்டு டேங்கை விட்டுவைத்தால் அடுத்த வாரமே மறுபடி வழியும்.

கழற்றுவது

வடிகால் போல்ட் இருந்தால் அதன் வழியாக, இல்லாவிட்டால் கைப்பம்ப்பால் உறிஞ்சி, முழுதும் வடித்துவிடுங்கள். வாயால் உறிஞ்சுவது கூடவே கூடாது. வண்டியை ஜாக்கியில் மட்டும் தூக்கி அடியில் படுக்காதீர்கள். இரண்டு பக்கமும் ஸ்டாண்டு. போல்ட்டுகளுக்கு முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெய் விடுங்கள். பட்டையில் தொங்கும் பழைய வகையானாலும் போல்ட்டில் நிற்கும் வகையானாலும், கடைசி போல்ட்டுக்கு முன் அடியில் பலகை வைத்து ஜாக்கியால் தாங்குங்கள். 5 லிட்டர் மிஞ்சியிருந்தாலும் அது ஒரு பக்கமாக ஓடி டேங்கைக் கவிழ்க்கும்.

மேல் தகட்டைக் கூர் ஊசியால் குத்திப் பாருங்கள். இரண்டு மூன்று இடத்தில் மட்டும் உள்ளே போனால் ஈயம் வைக்கலாம். உள்ளங்கை அகலத்துக்குச் சல்லடையாக இருந்தால் புதுசுதான். அதற்கு மேல் செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாயும் வீண்.

துரு எடுப்பது

முதலில் டார்ச் போட்டு உள்ளே பாருங்கள். மங்கலான சாம்பல் நிறம் துரு அல்ல. அந்தக் காலத்து டேங்குகள் பலவும் ஈயமும் வெள்ளீயமும் பூசிய தகட்டில் செய்தவை. அந்தப் பூச்சுதான் இத்தனை ஆண்டு காப்பாற்றியிருக்கிறது. சாம்பல் நிறம் பெரும்பகுதி இருந்தால் அமிலமே வேண்டாம். சோப்புத்தூள் கரைசலும் ஒரு முழம் சங்கிலியும் போட்டுக் குலுக்கினால் போதும். நட்டு, ஜல்லி போடுவதைவிடச் சங்கிலி மேல்: ஒரே துண்டாக வெளியே வந்துவிடும், தடுப்புத் தகட்டுக்குப் பின்னால் ஒளியாது. கட்டட வேலைக்காரர்களின் கான்கிரீட் மிக்ஸரில் பழைய மெத்தையைச் சுற்றிக் கட்டி அரை மணி நேரம் சுற்றினால் கைவலி மிச்சம். அதற்கு முன் பெட்ரோல் வாடை அறவே இல்லாமல் கழுவியிருக்க வேண்டும்.

செந்துரு படிந்திருந்தால் சிட்ரிக் அமிலம். திருப்பூர், ஈரோட்டில் சாயப்பட்டறைகளுக்கு விற்கும் கெமிக்கல் கடைகளில் சிட்ரிக் அமிலமும் சோடா ஆஷும் கிலோக் கணக்கில் கிடைக்கும். லிட்டருக்கு 50 கிராம். எம்ஜி பி-யின் 12 இங்கிலீஷ் காலன் டேங்க் ஏறத்தாழ 55 லிட்டர், ஆகவே 2.75 கிலோ, பழைய 10 காலன் டேங்குக்கு 2.25 கிலோ. துரு அதிகம் மேல் தகட்டின் உட்புறத்தில் இருப்பதால் கழுத்துவரை நிரப்ப வேண்டும். சென்டரையும் பித்தளைப் பாகங்களையும் கழற்றி, துளைகளை ரப்பர் கார்க்கால் அடையுங்கள். வெயிலில் வைத்தால் வேகமாக வேலை நடக்கும். 12 மணி நேரத்துக்கு ஒருமுறை பாருங்கள், 24 மணியைத் தாண்ட வேண்டாம். தையலில் உள்ள ஈயத்தையும் அமிலம் தின்னும்.

தண்ணீர் முக்கியம். உப்புத் தண்ணியில், அதாவது போர் தண்ணியில், இந்த வேலையைச் செய்தால் வெள்ளைப் படிவு விழும், உப்பு தங்கிய இடத்தில் மறுநாளே செந்துரு பூக்கும். குழாயில் வரும் நல்ல தண்ணி, சிறுவாணி கிடைத்தால் இன்னும் நல்லது. கடைசி அலசலுக்கு 5 லிட்டர் பேட்டரி தண்ணீர்.

அமிலத்தை எடுத்தபின் 50 லிட்டருக்கு 1 கிலோ சோடா ஆஷ் கரைத்து நிரப்பி, 20 நிமிடம் விட்டு, இரண்டு முறை அலசி, உடனே சூடான காற்று ஊதிக் காயவையுங்கள். ‘உடனே’ என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்: சுத்தமான ஈர இரும்பு கண்முன்னே செம்மஞ்சளாக மாறும். காய்ந்ததும் 250 மில்லி டூ-ஸ்ட்ரோக் ஆயிலை ஊற்றி எல்லாப் பக்கமும் உருட்டுங்கள். பிறகு அது பெட்ரோலில் கரைந்துவிடும். கழிவு நீரில் ஈயம் இருக்கும். தென்னைக்கும் மஞ்சள் வயலுக்கும் பாயவிடாதீர்கள்.

உட்பூச்சு ஊற்றலாமா? துரு முழுதும் போய், எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல், இ20 தாங்கும் என்று டப்பாவிலேயே எழுதிய எபாக்ஸி வகையானால், வேறு வழியில்லாத அரிய டேங்குக்கு ஊற்றலாம். மற்றபடி தவிர்ப்பதே நல்லது. சரியாகப் பிடிக்காத பூச்சு ஓரிரு ஆண்டில் தோலாக உரிந்து உறிஞ்சு குழாயை மூடும். துருவையாவது கழுவி எடுக்கலாம், அந்தத் தோலை எடுப்பது பெரும்பாடு.

கசிவுச் சோதனை

இங்கே கம்ப்ரஸர் காற்றைப் பிடித்து டேங்கை பலூனாக்கிவிடுகிறார்கள். கணக்குப் பாருங்கள்: 60 × 50 சென்டிமீட்டர் தகடு என்றால் 3,000 சதுர சென்டிமீட்டர். 2 பிஎஸ்ஐ, அதாவது சதுர சென்டிமீட்டருக்கு 0.14 கிலோ, கொடுத்தாலே தகட்டின் மேல் 420 கிலோ பாரம். 1 பிஎஸ்ஐ போதும். கொத்தனார் லெவல் டியூபை யு வடிவில் மடித்துத் தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை டேங்கில் பொருத்துங்கள். சைக்கிள் பம்ப்பால் ஊதும்போது இரண்டு பக்க நீர்மட்ட வித்தியாசம் 70 சென்டிமீட்டர் வந்தால் அது 1 பிஎஸ்ஐ. அழுத்தம் எல்லை மீறினால் தண்ணீர் வெளியே தெறித்துவிடும், டேங்குக்கு ஒன்றும் ஆகாது. சோப்பு நுரையைத் தையலெங்கும் தடவிப் பாருங்கள். 10 நிமிடம் நிழலில் மட்டம் இறங்காமல் நின்றால் டேங்க் நல்லது. வெயிலில் சோதித்தால் உள்காற்று விரிந்து மட்டம் ஏறி, கசிவை மறைத்துவிடும்.

ஈயம் வைப்பதும் புது டேங்கும்

ஈயம் வைக்க ரேடியேட்டர் கடைதான் சரியான இடம். சோப்புநீரால் பல முறை கழுவிய பிறகும், துரு அடுக்குக்குள் ஊறிய பெட்ரோல் சூடுபட்டதும் மறுபடி ஆவியாக வரும். ஆகவே நெருப்பு நாக்கு டேங்கில் படக்கூடாது. தள்ளிச் சூடாக்கிக் கொண்டுவந்த செம்புச் சூட்டுக்கோலால், டேங்கில் துளையின் மட்டத்துக்குச் சற்றுக் கீழ்வரை தண்ணீர் நிரப்பிக்கொண்டு செய்ய வேண்டும். சைலன்சர் புகையை உள்ளே விட்டால் பாதுகாப்பு என்பதை நம்பி வெல்டிங் வைக்காதீர்கள்.

புதுசு செய்ய கோவையில் ஆளுக்குப் பஞ்சமில்லை. பம்ப்புக்கும் மில் இயந்திரத்துக்கும் தகடு மடித்து, டிக் வெல்டிங் செய்யும் பட்டறைகளிடம் பழைய டேங்கையே மாதிரியாகக் கொடுங்கள். 304 ஸ்டெயின்லெஸ் 1.2 மில்லிமீட்டர், அல்லது 5052 அலுமினியம் 3 மில்லிமீட்டர். கால்வனைஸ்டு தகடு வேண்டாம். துத்தநாகம் அரித்து வெள்ளைக் கசடாக இறங்கும். சொல்லாவிட்டால் விட்டுவிடும் விஷயங்கள்: உள்ளே குறைந்தது இரண்டு தடுப்பு, அடி மூலைகளில் 25 மில்லிமீட்டர் வழியுடன், உறிஞ்சு குழாய் முனை அடியிலிருந்து 8–10 மில்லிமீட்டர் உயரத்தில், சென்டர் விளிம்பு பழைய இடத்திலேயே, பழைய சாய்விலேயே. இல்லையென்றால் முள் பொய் சொல்லும். அலுமினிய டேங்குக்கும் இரும்புப் பட்டைக்கும் நடுவே ரப்பர் வைக்காவிட்டால் தொடும் இடம் அரித்துப்போகும்.

திரும்ப மாட்டுவது

மேல் பட்டைக்கு நீர் உறிஞ்சாத மூடிய அறை ரப்பர். இடையிடையே இரண்டு விரல் இடைவெளி விட்டு ஒட்டுங்கள், தண்ணீர் வழிந்து போக. டேங்கிலிருந்து பாடிக்குத் தனி எர்த் வயர் கட்டாயம். புதுப் பெயின்ட்டும் ரப்பரும் சேர்ந்து எர்த்தை அறுத்துவிடுவதால்தான் டேங்க் மாற்றியதும் முள் செத்துப்போகிறது. பம்ப்புக்கு முன் ஒளி புகும் ஃபில்டர் ஒன்று வையுங்கள்.

முதலில் 5 லிட்டர் ஊற்றி அடியைத் துடைத்துப் பாருங்கள். பேட்டரியை மாட்டுங்கள். மின்பம்ப் வண்டியில் இக்னிஷனைப் போட்டு, கார்ப்பரேட்டர் ஓஸை உயரமான கேனில் விட்டு ஒரு நிமிடம் ஓடவிட்டால் அரை லிட்டருக்குக் குறையாமல் வர வேண்டும். பிறகு 20 லிட்டர், அதன்பின் கழுத்துவரை. நிரப்பிய வண்டியைச் சரிவில் மூக்கு மேலே இருக்க, வெட்டவெளியில், ஓர் இரவு நிறுத்துங்கள். காலையில் சென்டர் பேக்கிங்கையும் கழுத்து ஓஸையும் விரலால் தடவி முகர்ந்து பாருங்கள். ஃபில்டரை 100 கிலோமீட்டரில் ஒருமுறையும் 500-ல் ஒருமுறையும் மாற்றுங்கள். இரண்டாவது ஃபில்டரிலும் செம்பொடி நிறைய இருந்தால் டேங்கை மறுபடி இறக்க வேண்டும்.